கோசு முன்னால் போகிறது, நாங்கள் பின்னால் வருகிறோம்

பெறுநர்: கிழக்குக் கரைச் சுற்றுலாவைக் கவனித்துக்கொள்ளும் மேன்மை தங்கிய அதிகாரி அவர்கள். (எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சேர்ப்பிக்கவும்.)

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டக் கிராணி, ரிங்லெட், கேமரன் மலை, பகாங்.

பொருள்: நான்கு நாள் கடலோரப் பயணத்தில் சைவமாகப் பசியாற வழி கேட்டல்.

ஐயா,

முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்து ஆபீசில் பெரட்டுப் புத்தகம் எழுதியவன் நான். இன்றைக்கு ஆள் எத்தனை, இலை எத்தனை கிலோ, வராத ஆள் ஏன் வரவில்லை என்று எழுதிப் பழகின கை. இந்தக் கடிதமும் கொஞ்சம் கணக்குப்பிள்ளைத்தனமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஊரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், கடந்திருப்பீர்கள். தாப்பாவிலிருந்து மலை ஏறினால் முதலில் வருவது ரிங்லெட். ஸ்டிராபெரி தின்னத் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் போகிறவர்கள், வளைவுகளில் தலை சுற்றின பிள்ளையை வாந்தியெடுக்க விட இங்கேதான் காரை நிறுத்துவார்கள். சுற்றுலா வளர்ச்சிக்கு எங்கள் ஊர் செய்யும் தொண்டு அது. நாங்கள் பகாங் மாநிலத்து ஜனங்கள். ஆனால் எங்கள் சொந்த மாநிலத் தலைநகரான குவாந்தானுக்குப் போவதென்றால், வெகுகாலம் பேராக்கில் இறங்கிச் சுற்றித்தான் போனோம். சொந்த வீட்டு அடுப்படிக்குப் பக்கத்து வீட்டு வாசல் வழியாகப் போகிற மாதிரி. அப்புறம் சுங்கை கோயானுக்கு ரோடு போட்டார்கள். ரிங்லெட்டில் ஏறி உட்கார்ந்தால் கிழக்கே நேராக இறங்கலாம். ரோடு போட்டவர்களுக்கு நன்றி. ரோட்டின் முடிவில் என்ன சாப்பிடுவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அரசாங்கம் எங்களைச் சுற்றுலாவுக்கு அழைப்பது புதிதல்ல. 1990இல் அழைத்தது. 1994, 2007, 2014 என்று அழைத்தது. 2020இலும் அழைத்தது, அந்த வருஷத்தைக் கொரோனா தின்றுவிட்டது. இப்போது 2026. வீரா, மஞ்சா என்று இரண்டு தேன்கரடிகளைச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். தேனும் பழமும் சாப்பிடுகிற பிராணி என்று கேட்டதும் என் அக்கா, "நம்ம ஆளு" என்றாள். கரையானையும் நக்கித் தின்னும் என்று பேரன் படத்தோடு காட்டினான். அக்கா படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள். மாமா காலமானதிலிருந்து சுத்த சைவம், முட்டையும் கிடையாது. என் வீட்டுக்காரி புரட்டாசி முழுக்கச் சைவம். நானும் புரட்டாசியில் சைவம்தான். மற்ற பதினொரு மாதமும் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஆகையால் மீன் தின்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கடலோரத்து ஜனங்கள் மீன் சாப்பிடாமல் முருங்கைக்காயா சாப்பிடுவார்கள்? என் கேள்வி வேறு.

புரட்டாசியில் ஏன் கடலுக்குப் போகவேண்டும் என்று கேட்பீர்கள். நீங்களே யோசியுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. தீவு விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள், கரையில் அலை ரோடு வரைக்கும் வரும். தைப்பூச விரதம் அந்த மழைக்குள் விழுகிறது. தீபாவளிக்குப் பிறகு என்றால் வெள்ளம். கடல் அமைதியாக இருக்கும்போது வந்து, மழைக்கு முன்னால் திரும்பவேண்டும் என்றால் நம் காலண்டரில் அகப்படுகிறது புரட்டாசிதான். வானிலையும் பெருமாளும் சேர்ந்து குறித்துக் கொடுத்த தேதி அது.

போன வருஷம் வேன் எடுத்துக்கொண்டு ஆறு பேர் போனோம். மருமகன் வண்டி ஓட்டினார். கிளம்புமுன் வழக்கப்படி காகிதத்தில் கோடு போட்டுத் திட்டம் எழுதினேன். நான்கு வண்ணத்தில் அச்சடித்த ஒரு கையேடு கையில் இருந்தது. அதில் ஆமை இருந்தது, பட்டம் இருந்தது, சோத்தோங் தீயில் வாட்டும் படம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு பச்சை இலை, அதன் பக்கத்தில் "சைவ உணவு கிடைக்கும்" என்ற வாசகம். அந்த இலை போட்ட விடுதி ஒன்றுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள். சாலட் இருக்கிறது, வேண்டுமானால் அதிலிருந்து டூனாவை எடுத்துவிட்டுத் தருகிறோம் என்றாள்.

எங்கள் தோட்டத்தில் இலை எடைபோடும்போது ஈரத்துக்குக் கழிவு பிடிப்பார்கள். டூனாவுக்குக் கழிவு பிடித்தால் சாலட் சைவம் ஆகிவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தெமர்லோவில் மத்தியானம் நின்றோம். கடலுக்கு இன்னும் வெகு தூரம் இருக்கிறது, இங்கேயாவது தப்பிக்கலாம் என்று நினைத்தேன். அது பாத்தின் மீனுக்குப் பேர் போன ஊர் என்பது மறந்துபோயிற்று. கடல் வருவதற்கு முன்னாலேயே மீன் எதிர்கொண்டு அழைக்க வந்துவிட்டது. வேனில் இருந்த புளியோதரையைப் பிரித்தோம். குவாந்தானில் கஷ்டமில்லை. நம்மவர் கடைகள் உண்டு, வாழை இலைச் சாப்பாடு உண்டு, ரசம்கூட ரசமாக இருந்தது. தெலுக் செம்படாக்கில் கால் நனைத்தோம். அக்கா பினாங்குக் கடலைத் தவிர வேறு கடல் பார்க்காதவள். "இங்க அலை பெரிசு" என்றாள். முதல் நாள் அவ்வளவுதான்.

மறுநாள் செராத்திங்கில் கடலாமைக் காப்பகம். கரையேறி முட்டையிட வருவது பெரும்பாலும் பச்சை ஆமை என்று அங்கே சொன்னார்கள். வளர்ந்த பச்சை ஆமை என்ன சாப்பிடும் என்று பேரன் கேட்டான். கடற்புல்லும் பாசியும்தானாம். ஐயா, உங்கள் கடற்கரைக்கு வருஷாவருஷம் தவறாமல் வரும் சைவ விருந்தாளி அதுதான் போலிருக்கிறது. அதற்கு வேண்டிய சாப்பாட்டைக் கடல் போடுகிறது, காவலுக்கு ஆள் போட்டிருக்கிறீர்கள். திரங்கானுவில் 2022 ஜூனிலிருந்து ஆமை முட்டை விற்கவும் தடை. மனசாரப் பாராட்டுகிறேன். அந்த ஆமைக்குக் காட்டுகிற அக்கறையில் கால் பங்கை அக்காவுக்குக் காட்டினால் போதும்.

பகாங் எல்லையைத் தாண்டித் திரங்கானுவுக்குள் போனதும் இரண்டு மாற்றம் நடக்கும். எங்கள் பக்கம் சனி ஞாயிறு லீவு, அந்தப் பக்கம் வெள்ளி சனி. இது ஒன்று. நூறு பேரில் ஒரு இந்தியர்கூட இல்லாத மாநிலம் அது. வாழை இலைக் கடையைத் தேடுகிற கண் களைத்துப்போகும். இது இரண்டாவது. நாங்கள் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். தொழுகை நேரம், கடைகள் சாத்தியிருந்தன. கையேட்டில் வெள்ளிக்கிழமை என்ற கிழமையே இல்லை.

டுங்குன் தாண்டி ரோட்டோரம் ஒரு பலகாரக் கடை திறந்திருந்தது. பீசாங் கோரேங். வாழைக்காயோ பழமோ, மாவில் தோய்த்துப் பொரித்தது, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று பேரன் இறங்கினான். நானும் பின்னால் போய்ச் சட்டியை எட்டிப் பார்த்தேன். எண்ணெய் தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் பழம் பொன்னிறமாக மிதந்தது. மறுபக்கம், அதே எண்ணெயில், சாம்பல் நிறத்தில் விரல் நீளத்துக்கு கெரோப்போக் லெக்கோர் மிதந்தது. மீனை அரைத்து சாகோ மாவில் பிசைந்து உருட்டி, அவித்துப் பொரிக்கிற பண்டம் அது. இரண்டும் சுற்றிச் சுற்றி வந்து முட்டிக்கொண்டன. கடைக்காரர் கரண்டியால் பிரித்துவிட்டார். வேனுக்குத் திரும்பி, "சுட்டது தீந்துபோச்சாம்" என்று அக்காவிடம் சொன்னேன். புரட்டாசியில் சொன்ன பொய்யைப் பெருமாள் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார்.

அதற்குக் கொஞ்ச தூரத்தில்தான் ஒரு மக்சிக்கை, கடை வைத்திருக்கிற மலாய் அம்மாவை, பார்த்தோம். தொழுகை முடிந்து அப்போதுதான் தகரக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்று என் மலாயை எல்லாம் திரட்டிச் சொன்னேன். டாகிங் வேண்டாம், ஆயாம் வேண்டாம், இக்கான் வேண்டாம், சோத்தோங் வேண்டாம், உடாங் வேண்டாம், பெலாச்சான் வேண்டாம், இக்கான் பிலிஸ் வேண்டாம், தெலோர் வேண்டாம். இறைச்சி, கோழி, மீன், கணவாய், இறால், இறால் விழுது, நெத்திலி, முட்டை எல்லாம் அதில் அடக்கம். பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். மக்சிக் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். எட்டாவது விரல் மடங்கியதும் என் முகத்தைப் பார்த்து, "ஹபிஸ், மக்கான் அப்பா?" என்றார். அப்படியானால் எதைத்தான் தின்பாய் என்று. கேலி இல்லை, உண்மையான கவலை.

காய் என்றேன். உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது எங்கள் மலையின் பேர். உள்ளே கோசு, வெளி இலை கொஞ்சம் வாடி, அடிக்காம்பில் எங்கள் சிவப்பு மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி லாரியில் மலை இறங்குகிற கோசும் சீனக்கோசும் தக்காளியும் வெங்காயத்தாளும் தீபகற்பத்துச் சந்தைகளுக்கெல்லாம் போகும், சிங்கப்பூர் வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியும். எதிரில் பார்த்தது அன்றைக்குத்தான். "இது எங்க ஊரு" என்று அக்கா தமிழில் சொன்னாள். மக்சிக்குக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினார். குவாலிச் சட்டியை வெந்நீர் ஊற்றித் தேய்த்தார், கொட்டினார், மறுபடி ஊற்றித் தேய்த்தார். பழைய எண்ணெயைத் தொடாமல் புது எண்ணெய்ப் பாக்கெட்டை வெட்டினார். வெள்ளைப்பூண்டைத் தூக்கிக் காட்டி, போடலாமா என்று கண்ணாலேயே கேட்டார். மிளகாய், உப்பு, கோசு. பழக்கதோஷத்தில் காய்ந்த இறால் டப்பாவுக்குக் கை போயிற்று. பாதி வழியில் நின்றது. தன் கையைத் தானே அடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

ஐயா, இதற்கு அந்த அம்மாவுக்குப் பிடித்தது கால் மணி நேரம். பயிற்சி முகாம் இல்லை, பட்டறை இல்லை, நான்கு வண்ண அச்சு இல்லை. யாரோ ஒருவன் எட்டு விரல் மடக்கிச் சொன்னது போதுமாக இருந்தது. அந்த எட்டு விரலை உங்கள் அலுவலகம் ஒரு முறை மடக்கி எழுதிக் கொடுத்தால் என்ன என்பதுதான் என் விண்ணப்பம். மீதியையும் கேளுங்கள், அதில் உங்களுக்குச் சம்பந்தமுள்ள ஒரு விஷயம் இருக்கிறது.

சனிக்கிழமை கிளந்தான் தலைநகர் கோத்தா பாரு. புரட்டாசிச் சனி வேறு. அக்கா குளித்து நாமம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பசியாற நாசி கெராபு வாங்கலாம் என்று மருமகன் சொன்னார். சங்குப்பூவில் ஊறி நீலமாக வந்த சோறு, மேலே பச்சை உலாம் இலைகளைப் பொடியாக அரிந்து போடுவார்கள். பார்த்தால் கோயில் பிரசாதம் மாதிரி இருக்கும். மீன் தூளைத் தனியே வைக்கச் சொன்னோம், வைத்தார்கள். பொரித்த கோழியை எடுக்கச் சொன்னோம், எடுத்தார்கள். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. கடைசியில் கடைக்காரப் பெண் ஒரு போத்தலைத் தூக்கி, "பூடு நோக்?" என்றாள்.

நோக் என்றால் கிளந்தான் பேச்சில் வேண்டுமா என்று அர்த்தம். அதை நான் விளக்குவதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள். "பூடுதானே, ஊத்தச் சொல்லு. வாயுவுக்கு நல்லது."

நமக்குப் பூடு என்றால் வெள்ளைப்பூடு. கிளந்தானுக்குப் பூடு என்றால் நெத்திலியை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவிட்டு இறக்குகிற சாறு. இரண்டு பாஷையில் ஒரே சத்தம். நான் கையை நீட்டுவதற்குள் நீலச் சோற்றின் மேல் பழுப்பாக இரண்டு கரண்டி விழுந்துவிட்டது. அக்கா பொட்டலத்தை மூக்குக்குக் கொண்டுபோனாள். ஒரு கணம் அப்படியே இருந்தாள். "இது என்ன பூடுடா," என்றாள், "செத்த பூடா?"

அன்றைக்குப் பகல் முழுக்க அவளுக்கு வாழைப்பழமும் பால் சேராத தே ஓவும்தான். தே ஓ நம்ம மலைத் தேயிலையாக்கும் என்று சமாதானம் சொன்னேன். மலையிலிருந்து இறங்கிய இரண்டில் தேயிலையாவது கடைசிவரைக்கும் ஒழுங்காக இருந்தது. கோசுதான் கடற்காற்றுப் பட்டதும் கூட்டாளி சேர்த்துக்கொள்கிறது. ராத்திரி ஒரு சீனர் சைவக் கடையைக் கண்டுபிடித்தோம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கூட்டம் நெரிகிற வகைக் கடை. அங்கே ஒரு துளி மச்சம் கிடையாது. ஆனால் தட்டில் வந்தது முழு மீன்! சோயாவில் செய்து, கடற்பாசியைத் தோலாகப் போர்த்தி, வாலும் வைத்திருந்தார்கள். அக்கா தட்டைத் தள்ளிவிட்டாள். மீன் மாதிரி இருக்கிற சைவமும் வேண்டாம், சைவம் மாதிரி இருக்கிற மீனும் வேண்டாம் என்றாள். வெறும் தவ்வும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று விசாரிக்கத் தெரியாத நாடு அல்ல இது. ஹலால் முத்திரைக்கு இஸ்லாமிய வளர்ச்சித் துறையான ஜாக்கிம் செய்கிற பரிசோதனை என்ன சாமான்யமா? ஜெலட்டின் எந்த எலும்பிலிருந்து வந்தது என்பது வரைக்கும் தோண்டுகிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பொறுமையில் ஒரு சிட்டிகையைக் காய்ந்த இறால் பக்கம் திருப்பலாம். இந்தியாவில் பொட்டலத்தின் மேல் பச்சைப் பொட்டு இருந்தால் சைவம், எழுத்துத் தெரியாத கிழவியும் பார்த்து வாங்குவாள். தைவானில் சைவத்தையே ஐந்து வகையாகப் பிரித்து லேபிளில் போடச் சொல்கிறார்கள். முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, ஒன்றும் சேராதது, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்தது என்று. அந்த ஐந்தாவது வகையைப் பார்த்தால் என் வீட்டுக்காரி அடுப்படியைப் பார்த்துத்தான் சட்டம் எழுதினார்களோ என்று தோன்றுகிறது. நம் நாட்டில் இப்போதைக்கு இருப்பது டூனாவை எடுத்துவிட்ட வகை.

எங்களுக்காக வேண்டாம். 2023 டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் முப்பது நாள் வந்து தங்கலாம் என்று சொல்லிவிட்டீர்கள். குஜராத்திக்காரர்கள் வருவார்கள், ஜைனர்கள் வருவார்கள். வெங்காயம்கூடத் தொடாதவர்கள் பூடுப் போத்தல் முன்னால் நிற்பதை நினைத்துப் பாருங்கள். முப்பது நாள் என்பது அவர்களுக்கு முப்பது கிலோ எடை குறைப்பாக முடியும்.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. உள்ளங்கை அளவுக்கு ஒரு சீட்டு, மலாயில். என்னென்ன போடக்கூடாது என்று பேர் பேராக. "சைவம்" என்று ஒற்றைச் சொல்லாகப் போட்டால் மாட்டிறைச்சி இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது அவர்கள் தப்பில்லை. பெலாச்சான், பூடு, உடாங் கெரிங் என்று எழுதுங்கள். பொரிக்கிற எண்ணெய் தனியா என்று ஒரு வரி. பச்சை இலை அச்சடிப்பதற்கு முன்னால் அந்தக் கடைக்கு ஓர் ஆளை அனுப்பிச் சட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கத் தகுந்த ஆள் இல்லையென்றால் அக்கா இருக்கிறாள். அவள் மூக்குக்குப் படியெடுத்துக் கருவியாகச் செய்தால் ஏற்றுமதிகூடச் செய்யலாம். சம்பளம் வேண்டாம், வேன் வாடகை மட்டும்.

இந்த வருஷத் திட்டத்தைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். வெள்ளிக்கிழமை இங்கிருந்து கிளம்பி ராத்திரி குவாந்தானில். அப்போதுதான் திரங்கானுவின் வெள்ளிக்கிழமையில் மாட்டமாட்டோம். சனிக்கிழமை காலை ஆமையைப் பார்த்துவிட்டு, மத்தியானம் அந்த மக்சிக் கடை. ஞாயிறு கோத்தா பாரு, போத்தல் எதையும் யாரும் தொடக்கூடாது. திங்கள் குவா மூசாங், லோஜிங் வழியாக மலையேறி, வடக்கு வாசலால் வீடு. சாமான் பட்டியல்: ரைஸ் குக்கர் ஒன்று, புளிக்காய்ச்சல் இரண்டு போத்தல், நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, வாழைப்பழம் ஒரு சீப்பு. விடுதி அறையில் சமைக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாளின் மேல் துண்டைக் காயப்போடுவதாக உத்தேசம். இதற்கு அபராதம் உண்டென்றால் பதிலில் தெரிவிக்கவும், கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

பதில் வரும்வரை நாங்கள் காத்திருக்க முடியாது. புரட்டாசி முதல் வெள்ளி காலை ஆறு மணிக்கு வேன் கிளம்புகிறது. கோசு லாரி வியாழன் ராத்திரியே இறங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கிராணி, ரிங்லெட்